வலிப்பு வந்த குழந்தைக்குக் கவனம் குறையுமா?

கேள்வி:

டாக்டர், என் மகனுக்கு இப்போது 20 மாதம். ஒன்பதாவது மாதத்தில் காய்ச்சலோடு முதல்முறை வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, கை கால் விறைத்து வெட்டி இழுத்தது. இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கும். எனக்கு அது முடியவே முடியாததுபோல் இருந்தது. பிறகு 13ஆம் மாதத்தில் ஒருமுறை, 17ஆம் மாதத்தில் ஒருமுறை. மூன்றுமே காய்ச்சல் தொடங்கிய முதல் நாளில் வந்தவை. ஒவ்வொரு முறையும் அரைமணி, ஒருமணி தூங்கி எழுந்து பழையபடி ஆகிவிட்டான். இது சாதாரணக் காய்ச்சல் வலிப்பு, பயப்பட வேண்டாம் என்று எங்கள் மருத்துவர் சொன்னார். காய்ச்சல் வரும் நாட்களில் மட்டும் கொடுக்கக் குளோபஸாம் என்ற வலிப்பு மருந்தை எழுதித் தந்திருக்கிறார்.

சில மாதங்களாக எனக்கு வேறு பயம். ஒரு பொம்மையோடு இரண்டு நிமிடம் உட்கார மாட்டேன் என்கிறான். புத்தகத்தைக் காட்டினால் பக்கத்தைப் புரட்டிவிட்டு ஓடிவிடுகிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் திரும்புகிறான், சில நேரம் திரும்புவதே இல்லை. ஏழெட்டு வார்த்தை பேசுகிறான். வேண்டியதை விரலால் காட்டுகிறான். அடிக்கடி சளி பிடித்துக் காது வலி வருகிறது. இரவில் குறட்டையும் விடுகிறான். "மூணு தடவை ஃபிட்ஸ் வந்த பிள்ளை, மூளை கொஞ்சமாவது பாதிக்காம இருக்குமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. முதல்முறை நான் காய்ச்சல் மருந்தைத் தாமதமாகக் கொடுத்தேன். அதனால்தான் இப்படி ஆயிற்றா? பின்னால், கவனம் நிலைக்காமல் ஓயாது துறுதுறுக்கும் ஏ.டி.ஹெச்.டி. வருமா? தினமும் மருந்து கொடுத்து வலிப்பே வராமல் தடுக்க முடியாதா? எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருக்கும் மூன்று வலிப்புகளும் உங்கள் மகனின் மூளையைச் சேதப்படுத்தியிருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. இதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த வரிகள் வேறு. கூப்பிட்டால் சில நேரம் திரும்புகிறான், சில நேரம் திரும்புவதே இல்லை என்கிறீர்கள். அடிக்கடி சளி, காது வலி, இரவில் குறட்டை என்கிறீர்கள். வலிப்பு எல்லோர் கண்ணையும் தன்பக்கம் இழுத்துக்கொண்டதில் இவற்றை யாரும் தனியாகப் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் உங்களிடம் ஒன்றை வற்புறுத்தப் போகிறேன். வலிப்பை ஒரு கேள்வியாகவும், கவனத்தை இன்னொரு கேள்வியாகவும் பிரித்து வையுங்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டால் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் தேட மாட்டார்கள். "வலிப்பு வந்த பிள்ளை, அப்படித்தான் இருப்பான்" என்று அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

முதல் கேள்விக்கு வருவோம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 100க்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. ஜப்பான் போன்ற சில நாடுகளில் இது இன்னும் அதிகம். ஒன்று, ஒன்றரை வயதில்தான் மிகுதியாக வரும். அந்த வயது மூளையில் நரம்பணுக்களைத் தூண்டிவிடும் அமைப்புகள் முந்திக்கொண்டு வளர்ந்திருக்கும். அடக்கிவைக்கும் அமைப்புகள் இன்னும் முதிர்ந்திருக்காது. காய்ச்சலின்போது உடலில் சுரக்கும் இன்டர்லூக்கின்-1 பீட்டா போன்ற அழற்சிப் பொருட்கள் நரம்பணுக்களை மேலும் கிளறிவிடும். வெப்பம் ஏறுவதே நரம்பணுக்களுக்குள் மின்னூட்டத் துகள்களை விடும் சில அயனி வாயில்களின் இயக்கத்தை மாற்றும். இவற்றோடு பரம்பரையும் சேர்கிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ சிறுவயதில் வந்திருந்தால் குழந்தைக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். உங்கள் இருவரின் பெற்றோரையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். "உனக்கும் ரெண்டு வயசுல ஜன்னி வந்துச்சே" என்று யாராவது சொல்லக்கூடும். அப்படி வந்த நீங்களோ உங்கள் கணவரோ இன்று நன்றாக இருக்கிறீர்கள் என்பது பெரியவர்களின் பேச்சுக்கு நல்ல பதிலாகவும் இருக்கும்.

உடல் முழுவதும் ஒருசேர வெட்டுவது, 15 நிமிடத்துக்குள் நின்றுவிடுவது, 24 மணி நேரத்துக்குள் மறுபடி வராமல் இருப்பது ஆகிய மூன்றும் பொருந்தினால் அதைச் சாதாரணக் காய்ச்சல் வலிப்பு என்கிறோம். உங்கள் மகனுக்கு வந்தவை இந்த வகை. உடலின் ஒருபக்கம் மட்டும் இழுத்தாலோ, 15 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டுமுறை வந்தாலோ அது சிக்கலான வகை.

இரண்டு மூன்று நிமிட வலிப்பு ஏன் மூளையைக் கெடுப்பதில்லை? வலிப்பின்போது ஏராளமான நரம்பணுக்கள் ஒரே சமயத்தில் மின்துடிப்பை வெளியிடுகின்றன. அவற்றுக்கு வழக்கத்தைவிட அதிக ஆக்சிஜனும் குளுக்கோஸும் தேவைப்படும். மூளைக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் கூட்டி, உடல் அந்தத் தேவையை ஈடுகட்டிவிடுகிறது. பார்ப்பவருக்கு உதடு நீலம் பாய்வதும் வாயில் நுரை தள்ளுவதும் உயிரே போவதுபோல் தெரியும். உள்ளே அந்தச் சில நிமிடங்களில் நரம்பணுக்கள் சாகும் அளவுக்கு எதுவும் நடப்பதில்லை. வலிப்பு அரைமணி நேரத்தை நெருங்கும்போதுதான் இந்த ஈடுகட்டல் தளரத் தொடங்கும். அந்த ஆபத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இதற்குச் சான்று இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதுவும் பழைய சான்று. அமெரிக்காவில் 1959இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு சுமார் 54,000 கர்ப்பங்களைப் பின்தொடர்ந்தது. அதில் காய்ச்சல் வலிப்பு வந்த 1,706 குழந்தைகளை ஏழு வயதுவரை கரின் நெல்சனும் ஜோனாஸ் எல்லன்பெர்க்கும் கவனித்தார்கள். 1978இல் அவர்கள் வெளியிட்ட ஒப்பீடு எனக்கு மிகவும் பிடித்தது. வலிப்பு வந்த குழந்தையை, வலிப்பு வராத அதன் சொந்த அண்ணன், அக்கா, தம்பி, தங்கையோடு ஒப்பிட்டார்கள். ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஏறக்குறைய ஒரே வளர்ப்பு. அப்படி 431 ஜோடிகள். ஏழு வயதில் நுண்ணறிவுத் தேர்வில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. பிரிட்டனில் 1970ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வும் இதையே கண்டது. அதன் முடிவுகள் 1998இல் வந்தன. பத்து வயதில் படிப்பு, நுண்ணறிவு, நடத்தை எதிலும் காய்ச்சல் வலிப்பு வந்தவர்கள் மற்றவர்களுக்குப் பின்தங்கவில்லை. தைவானில் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் கவனத்தையே குறிவைத்து நடத்திய சோதனைகளிலும், வலிப்பு வந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்து போகவில்லை.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் உங்களுக்கு இன்று இரவு நிம்மதியாக இருக்கும். ஆனால் உங்கள் மகனுக்கு முதல் வலிப்பு ஒன்பதாவது மாதத்தில் வந்திருக்கிறது. ஒரு வயதுக்குள் தொடங்குவதைப் பற்றி நீங்கள் எங்காவது அரைகுறையாகப் படித்துக் கலங்குவதைவிட, நானே முழுதாகச் சொல்லிவிடுவது நல்லது. அதே பிரிட்டன் ஆய்வில், முதல் பிறந்தநாளுக்கு முன் வலிப்பு வந்தவர்களில் சிறப்புக் கல்வி தேவைப்பட்டவர்களின் விகிதம் மட்டும் கூடுதலாக இருந்தது. தைவான் ஆய்வில், அவ்வளவு சிறுவயதில் தொடங்கியவர்களின் செயல்நினைவில் ஒரு வேறுபாடு தெரிந்தது. ஒரு விஷயத்தை மனதில் நிறுத்திக்கொண்டே அதைக் கையாளும் திறனைத்தான் செயல்நினைவு என்கிறோம். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நடந்த ஆய்வில், ஒருமுறை வலிப்பு வந்தவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. திரும்பத்திரும்ப வந்தவர்களில் சொல்வளம் தாமதமாவது மட்டும் கூடுதலாகக் காணப்பட்டது. அங்கும் நடத்தையில் பாதிப்பு தெரியவில்லை.

இவற்றை நான் படிக்கும் விதம் இது. மிகச் சிறுவயதில் வலிப்பு தொடங்கும் குழந்தைகளின் கூட்டத்துக்குள், மூளை வளர்ச்சியில் ஏற்கெனவே ஏதோ ஒரு வேறுபாட்டோடு பிறந்த சில குழந்தைகளும் கலந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வலிப்பு அந்த வேறுபாட்டின் முதல் அடையாளமாக வெளிப்படுகிறது. வலிப்பு வந்ததால் அவர்கள் பின்தங்கினார்கள் என்று சொல்ல இந்த ஆய்வுகளில் ஆதாரம் போதாது. உங்களுக்கு இதன் நடைமுறைப் பொருள் எளிது: உங்கள் மகனின் பேச்சையும் கேட்டலையும் விளையாட்டையும் மற்றக் குழந்தைகளுக்குப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் நெருக்கமாக, கொஞ்சம் அடிக்கடி பார்த்துவர வேண்டும். அதற்குமேல் இதில் அச்சப்பட ஒன்றுமில்லை.

ஏ.டி.ஹெச்.டி. பற்றியும் கேட்டிருந்தீர்கள். டென்மார்க்கில் 1990 முதல் 2007 வரை பிறந்த ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2016இல் ஒரு கட்டுரை வெளியானது. காய்ச்சல் வலிப்பு வந்தவர்களுக்கு ஏ.டி.ஹெச்.டி. கண்டறியப்படும் வாய்ப்பு 28 சதவீதம் கூடுதல் என்பது அதன் முடிவுகளில் ஒன்று. இந்த 28 என்ற எண்ணைப் பார்த்து, நூற்றில் 28 பிள்ளைகளுக்கு வரும் என்று பதறிப்போகும் பெற்றோர் உண்டு. கணக்கு அப்படியில்லை. நூறு குழந்தைகளில் ஐந்து பேருக்கு ஏ.டி.ஹெச்.டி. வரும் என்று வைத்துக்கொண்டால், காய்ச்சல் வலிப்பு வந்த நூறு பேரில் அது ஆறு, அல்லது ஆறரை ஆகும். மீதியுள்ள தொண்ணூற்று மூன்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு அது வராது. அந்தச் சிறு கூடுதலுக்கும் வலிப்புதான் காரணம் என்று பதிவேட்டை வைத்து நிரூபிக்க முடியாது. இரண்டுக்கும் பொதுவான பரம்பரைக் கூறுகள் இருக்கலாம்.

மூளை உண்மையிலேயே பாதிக்கப்படக்கூடிய இடம் நீண்டநேர வலிப்பு. அரைமணிக்கு மேல் நீடித்த காய்ச்சல் வலிப்புக்கு ஆளான 199 குழந்தைகளை அமெரிக்காவில் ஃபெப்ஸ்டாட் என்ற ஆய்வு பின்தொடர்ந்தது. வலிப்பு வந்த சில நாட்களுக்குள் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களில், ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஹிப்போகாம்பஸில் வீக்கத்தின் அடையாளம் தெரிந்தது. நினைவைப் பதிக்கும் பகுதி அது. அந்த வீக்கம் இருந்து, ஓராண்டுக்குப்பின் மறுபடி படம் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அதே இடம் சுருங்கித் தழும்பேறியிருந்தது. லண்டனில் நடந்த இன்னொரு ஆய்விலும், நீண்ட வலிப்புக்குப்பின் முகங்களை அடையாளம் காணும் நினைவு சில குழந்தைகளுக்குத் தடுமாறியது. உங்கள் மகனின் இரண்டு மூன்று நிமிடங்களுக்கும் இந்த அரைமணிக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. ஆனாலும் இதை உங்களிடம் மறைக்கக் கூடாது, ஏனென்றால் ஐந்து நிமிட விதி இங்கிருந்துதான் வருகிறது. ஐந்து நிமிடத்தில் தானாக நிற்காத வலிப்பு அதற்குப்பின் தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துவிடும். அதனால் அடுத்தமுறை வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பயத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பக்கத் துணியைத் தளர்த்துங்கள். வாயில் கரண்டி, விரல், தண்ணீர், மருந்து எதுவும் வேண்டாம். கை காலை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம். ஐந்து நிமிடம் ஆனதும் ஆம்புலன்ஸை அழையுங்கள். மூக்கில் தெளிக்கும் மிடசோலம் போன்ற அவசர மருந்தை வீட்டில் வைத்துக்கொள்வது பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். எடைக்கேற்ற அளவை அவரே எழுதித் தர வேண்டும், எப்படிக் கொடுப்பது என்பதையும் செய்துகாட்ட வேண்டும். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

முதல்முறை மருந்து தாமதமானதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ நேரம் தவறாமல் கொடுத்தாலும் அடுத்தடுத்த காய்ச்சல்களில் வலிப்பு வருவதைத் தடுப்பதில்லை என்பதைப் பல ஆய்வுகள் சோதித்துப் பார்த்துச் சொல்லிவிட்டன. குழந்தையின் உடல்வலியும் சோர்வும் குறையத்தான் அந்த மருந்து. பல வீடுகளில் வலிப்பு வந்தபிறகுதான் காய்ச்சல் இருப்பதே தெரியவருகிறது. எந்தத் தாயாலும் அதை முந்த முடியாது. நீங்கள் செய்த எதுவும், செய்யாமல் விட்ட எதுவும் இதற்குக் காரணமில்லை. இந்தக் குற்ற உணர்வை இன்றோடு இறக்கி வைத்துவிடுங்கள்.

தினசரி மருந்து வேண்டாம். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒருகாலத்தில் காய்ச்சல் வலிப்புக்கு பெனோபார்பிட்டோனை மாதக்கணக்கில் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சில குழந்தைகளுக்கு அந்த மருந்தையும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மருந்தையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில் மருந்து எடுத்தவர்களின் சராசரி நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 8 புள்ளிக்கு மேல் குறைந்திருந்தது. மருந்தை நிறுத்தி ஆறு மாதம் ஆனபிறகும் 5 புள்ளி குறைவாகவே இருந்தது. வலிப்பு குறைந்ததா என்றால், அதிலும் குறிப்பிடத்தக்க பலனில்லை. வலிப்பு மூளையைக் கெடுத்துவிடும் என்று அஞ்சிக் கொடுத்த மருந்துதான் படிக்கும் திறனைத் தொட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2008இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: சாதாரணக் காய்ச்சல் வலிப்புக்குத் தொடர் மருந்தும் தேவையில்லை, இடைவிட்டுக் கொடுக்கும் மருந்தும் தேவையில்லை. ஆனாலும் திரும்பத்திரும்ப வரும்போதும், வீட்டார் மிகவும் கலங்கிப்போகும்போதும், காய்ச்சல் நாட்களில் மட்டும் குளோபஸாம் கொடுக்கும் மருத்துவர்கள் பலர் இருக்கிறார்கள். உங்கள் மருத்துவரின் முடிவை நான் குறை சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். குளோபஸாம் கொடுத்த நாட்களில் குழந்தை தூங்கிவழியலாம், நடை தள்ளாடலாம், சில குழந்தைகள் நேர்மாறாகச் சிடுசிடுப்பும் பரபரப்புமாக ஆகிவிடுவார்கள். அவனுடைய நிலைகொள்ளாமை அந்த நாட்களில் மட்டும்தானா, எல்லா நாட்களிலுமா என்று இரண்டு மாதம் ஒரு நோட்டில் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

எம்.ஆர்.ஐ.யும், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் சாதாரண வகைக்கு வேண்டியதில்லை. இந்த வயதில் எம்.ஆர்.ஐ. எடுக்க மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். அதில் தற்செயலாகத் தெரியும் ஒரு சின்னப் புள்ளி உங்கள் தூக்கத்தைப் பல மாதம் கெடுக்கும். இ.இ.ஜி.யில் வரும் மாற்றங்களை வைத்துப் பின்னால், காய்ச்சல் இல்லாமலே திரும்பத்திரும்ப வரும் கால்கை வலிப்பு வருமா என்று நம்பகமாகச் சொல்லவும் முடியாது. காய்ச்சலே இல்லாமல் வலிப்பு வந்தாலோ, ஒருபக்கம் மட்டும் இழுத்தாலோ, நீண்ட நேரம் நீடித்தாலோ, வளர்ச்சி பின்வாங்கினாலோ பேச்சு வேறு. அப்போது குழந்தை நரம்பியல் நிபுணர் பார்க்க வேண்டும். ஒரு வயதுக்குள் தொடங்கி, நீண்ட, ஒருபக்க வலிப்புகளாகத் திரும்பத்திரும்ப வரும் டிராவே நோய்க்குறி போன்ற அரிய மரபணு நிலைகளை அவர் தேடுவார். உங்கள் மகனின் படம் அதனோடு ஒத்துப்போகவில்லை.

இனி இரண்டாவது கேள்வி. உண்மையில் நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

20 மாதக் குழந்தையின் கவனம் நம் கவனத்தைப் போல வேலை செய்வதில்லை. எது புதிதோ, எது அசைகிறதோ, எது சத்தம் போடுகிறதோ, அதன் பின்னால் அது போகும். "இதை முடித்துவிட்டு அதற்குப் போவேன்" என்று தன்னைத் தானே பிடித்துவைக்கும் வேலையை மூளையின் முன்மடல் செய்கிறது. அது முதிர்வது பள்ளி வயதையும் தாண்டி இளம்பருவம் வரை நீளும். இந்த வயதில் ஒரு விளையாட்டில் இரண்டு, மூன்று நிமிடம் நிலைத்திருப்பதே இயல்பு. பெரியவர் கொடுத்த பொம்மையை உடனே விட்டுவிட்டு, தானே கண்டுபிடித்த ஒரு மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடி ஐந்து நிமிடம் இருப்பான். அந்த ஐந்து நிமிடம் முழுமையான கவனம். அவன் எதில் அப்படி மூழ்குகிறான் என்று பாருங்கள். எதிலாவது மூழ்கும் குழந்தைக்குக் கவனிக்கத் தெரியும்.

நான் நிமிடக் கணக்கைவிட வேறொன்றைத்தான் பெரிதாகப் பார்ப்பேன். தன் கவனத்தை அவன் உங்களோடு பகிர்ந்துகொள்கிறானா? வேண்டியதை விரலால் காட்டுகிறான் என்று எழுதியிருந்தீர்கள், நல்லது. வேண்டும் என்பதற்காக அல்லாமல், வானத்தில் நிலாவையோ தெருவில் நாயையோ கண்டு, "பார், பார்" என்பதுபோல் விரலை நீட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? நீங்கள் தூரத்தில் ஒன்றைக் காட்டினால் அவன் கண் அந்தத் திசையில் போகிறதா? ஒரு பொருளைக் கொண்டுவந்து காட்டி, நீங்கள் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரிக்கிறானா? பொம்மைக்கு ஊட்டுவதுபோல் பாசாங்கு விளையாட்டு வந்திருக்கிறதா? இவை இருந்தால் ஆட்டிசம் பற்றிய கவலை பெரிதும் குறையும். இல்லையென்றால் 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கான எம்-சாட் என்ற வினாத்தாளை உங்கள் மருத்துவர் பத்து நிமிடத்தில் நிரப்பிப் பார்க்கலாம். இவையெல்லாம் இருந்தாலும்கூட அதை நிரப்பச் சொல்லிக் கேளுங்கள்.

ஏழெட்டு வார்த்தை என்பது இந்த வயதுக்குக் கீழ்ப்பக்கம்தான், இருந்தும் பதற வேண்டிய எண்ணிக்கை இல்லை. இரண்டு வயது முடியும்போது ஏறக்குறைய 50 வார்த்தையும், "அம்மா வா", "பால் வேணும்" போன்ற இரு சொல் சேர்க்கையும் வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சி நிபுணரைப் பாருங்கள். வந்த வார்த்தைகள் மறைந்துபோனால் ஒருநாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செவித்திறன் பரிசோதனை. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிவிடும். வலி போனபிறகும் வாரக்கணக்கில் அது தங்கும். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கேட்பதுபோல் குழந்தைக்கு மெல்லிய குரல்கள் மங்கிப்போகும். நீர் கூடும் நாளில் திரும்ப மாட்டான், வடியும் நாளில் திரும்புவான். "சில நேரம் திரும்புகிறான், சில நேரம் இல்லை" என்பதற்கு இது மிகப் பொருத்தமான விளக்கம். பேச்சு தெளிவாகக் கேட்காத குழந்தைக்குக் கதைப் புத்தகம் சுவைக்காது, ஓடத்தான் செய்வான். பிறந்தவுடன் செய்த செவிப் பரிசோதனையில் தேறியிருந்தான் என்பது இதற்குப் பதிலாகாது. நீர் தேங்குவது பிறகு வருவது. காது மூக்கு தொண்டை மருத்துவர் டிம்பனோமெட்ரி என்ற வலியில்லாத சோதனையைச் சில நிமிடங்களில் செய்துவிடுவார். கூடவே இந்த வயதுக்கேற்ற செவித்திறன் அளவீடும் செய்யட்டும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் நீர் தானாக வற்றிவிடும். வற்றாவிட்டால் அதற்கு வழி இருக்கிறது.

அதே மருத்துவர் குறட்டையையும் பார்க்க வேண்டும். மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு பெருத்திருந்தால் குறட்டை, வாயால் மூச்சு விடுவது, காதில் நீர் மூன்றும் சேர்ந்தே வரும். இரவில் மூச்சு தடைபட்டுத் தூக்கம் துண்டுதுண்டாகும். பெரியவர்கள் தூக்கம் கெட்டால் சோர்ந்து உட்காருவோம். குழந்தைகள் அப்படியில்லை, பகல் முழுக்க ஓடுவார்கள், நிற்க மாட்டார்கள், சின்ன விஷயத்துக்கும் அழுவார்கள். ஏ.டி.ஹெச்.டி. என்று சந்தேகப்பட்டு என்னிடம் வரும் குழந்தைகளிடம் நான் தூக்கத்தைப் பற்றி விசாரிக்காமல் அனுப்புவதில்லை. இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும்.

அடுத்தது இரும்புச்சத்து. காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளிடம் இரும்புச்சத்துக் குறைவு அதிகம் காணப்படுவதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அந்தக் குறைவு தனியாகவே கவனத்தையும் தூக்கத்தையும் எரிச்சலையும் பாதிக்கும். வலிப்பையும் கவனத்தையும் ஒருசேரத் தொடும் காரணம் ஒன்று இருக்கிறதென்றால், வீட்டில் பேசப்படும் "மூளைப் பாதிப்பை"விட இதையே நான் முதலில் தேடுவேன். ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல் நாட்களில் ஃபெரிட்டின் போலியாக உயரும் என்பதால் நன்றாக இருக்கும்போது இரத்தம் எடுக்க வேண்டும். பசும்பால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கிறானா என்றும் பாருங்கள். பால் வயிற்றை நிரப்பி, இரும்புச்சத்துள்ள உணவுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

வீட்டில் செல்போனும் டிவியும் எவ்வளவு நேரம் ஓடுகின்றன என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அறிவுரை. பின்னணியில் ஓடும் டிவியையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். யாரும் பார்க்காவிட்டாலும் அதன் சத்தம் குழந்தையின் விளையாட்டைத் துண்டுதுண்டாக்கும்.

இன்னொன்றைச் சொல்லத் தயங்கினேன், ஆனாலும் சொல்கிறேன். ஒருமுறை வலிப்பைப் பார்த்த பெற்றோர், அதற்குப்பின் குழந்தையைப் பழைய கண்ணால் பார்ப்பது கடினம். விழித்துக்கொண்டு ஒரு நொடி நின்றால் நெஞ்சு பதறும். கூப்பிட்டுப் பார்ப்பார்கள், தொட்டுப் பார்ப்பார்கள், நெற்றியில் கை வைப்பார்கள், விளையாட்டின் நடுவே தூக்கிக்கொள்வார்கள். இது பாசம். ஆனால் ஒரு நாளில் பலமுறை இப்படிக் கலைக்கப்படும் குழந்தைக்கு எதிலும் மூழ்க நேரம் கிடைப்பதில்லை. பத்துமுறை கூப்பிட்டால் திரும்பாமல் விடவும் கற்றுக்கொள்வான். தினமும் இருபது நிமிடம் தரையில் அவன் பக்கத்தில் உட்காருங்கள். மூன்று நான்கு பொருட்கள் போதும், மற்றவற்றை எடுத்து வைத்துவிடுங்கள். எதில் விளையாட வேண்டும் என்று நீங்கள் காட்ட வேண்டாம். அவன் எதைப் பார்க்கிறானோ அதன் பெயரைச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசுங்கள், நிறுத்துங்கள். அவன் ஏதாவது ஒலி எழுப்பட்டும் என்று காத்திருங்கள். குழந்தை ஏற்கெனவே கவனம் வைத்திருக்கும் பொருளோடு சொல் சேரும்போது அந்தச் சொல்லும் நிற்கும், கவனமும் நீளும். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டிய கட்டாயமில்லை. அவன் புரட்டிய பக்கத்தில் இருக்கும் பூனையைக் காட்டினால் போதும்.

இரண்டு சிறு விஷயங்கள். தடுப்பூசிகளை நிறுத்தாதீர்கள். எம்.எம்.ஆர். போன்ற சில ஊசிகளுக்குப்பின் வரும் காய்ச்சலில் வலிப்பு வரும் வாய்ப்பு சற்றுக் கூடும் என்பது உண்மை. ஆனால் அந்த ஊசி தடுக்கும் தட்டம்மை மூளையழற்சியையே உண்டாக்கக்கூடியது. அட்டவணையைப் பற்றி மருத்துவரோடு பேசிக்கொண்டு போட்டுவிடுங்கள். மற்றொன்று, முதல் வலிப்பு ஒரு வயதுக்குள் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது திரும்ப வருகிறது. உங்கள் மகனுக்கு இன்னொரு முறையும் வரக்கூடும். வந்தால், செய்த ஏதோ தோற்றுப்போனது என்று நினைக்காதீர்கள். மூன்று வயதைத் தாண்டும்போது வருவது குறையும், ஐந்தாறு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். பின்னாளில் கால்கை வலிப்பு வரும் வாய்ப்பு பொதுவாக எல்லோருக்கும் 1 சதவீதம் அளவில் இருக்கிறது. உங்கள் மகனைப் போலச் சீக்கிரம் தொடங்கிப் பலமுறை சாதாரண வலிப்பு வந்தவர்களுக்கு அது 2 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும்.

ஏ.டி.ஹெச்.டி. உண்டா இல்லையா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு வயதுக்கு முன் அதை நம்பகமாகக் கண்டறிய முடியாது. அதன்பிறகும் வீட்டிலும் பள்ளியிலும் என இரண்டு இடங்களில் அறிகுறிகள் தெரிந்தால்தான் அந்தப் பெயரை வைப்போம். யாராவது இப்போதே அந்த முத்திரையைக் குத்தினால் ஏற்காதீர்கள்.

இந்த மாதத்துக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். இரத்தப் பரிசோதனையையும் எம்-சாட்டையும் உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். இரண்டு வயது நிறையும்போது பேச்சையும் விளையாட்டையும் முறையாக ஒருமுறை மதிப்பிடச் சொல்லுங்கள். டிம்பனோமெட்ரி முடிவு கைக்கு வந்ததும், உங்கள் நோட்டில் குறித்தவற்றோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள்.